பூரணம் அக்காவின் வாளி

சேலையில் தண்ணீர் தெறித்துவிட்டதா அம்மா? வண்டி ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் வாளி குலுங்குகிறது. இருங்கள், இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். கிளை உங்கள் முகத்தில் குத்தவில்லையே? செர்ரிப் பூ. வெள்ளை. தொட்டுப் பார்க்கலாம், ஆனால் உதிர்த்துவிடாதீர்கள். இதில் ஒவ்வொரு பூவும் எனக்கு வேண்டும்.

கண்டக்டரோடு ஏன் சண்டை போட்டேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? நீங்களே சொல்லுங்கள். ஏறியவுடன் அவர் வாளியைப் பார்க்கிறார், விளிம்பில் பச்சை பெயின்ட் அடித்திருப்பதைப் பார்க்கிறார், "பூரணம் அக்கா வாளியா? இதுக்கு லக்கேஜ் போடறதில்ல, உள்ள போங்க" என்கிறார். வாளி அக்காவுடையது, பயணம் செய்கிறவள் நான். அக்காவுக்குக் கொடுத்த சலுகை எனக்கு எப்படி வரும்? ஆளைப் பார்த்து மாறுவதென்றால் விதி எதற்கு? "எனக்கு லக்கேஜ் டிக்கெட் கொடுங்க" என்று நின்றேன். "வேண்டாம்னு சொன்னாலும் விடமாட்டியாம்மா நீ?" என்றார். பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும். நான் சொன்னதில் என்ன தவறு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை பாருங்கள்.

என்ன, ஏதோ சொல்ல வந்தீர்களே? சற்று இருங்கள். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் பெயர் நிறைமதி. ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கோயம்புத்தூரில் வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி செய்கிறேன். இந்த மலையில் தேயிலை பறித்த பெண்கள் தங்கள் வாயால் சொல்லும் வரலாறு, அதுதான் என் தலைப்பு. எழுதி வைத்த வரலாற்றில் அவர்கள் இல்லை. யாராவது போய்க் காதுகொடுத்துக் கேட்க வேண்டாமா? அதற்காகத்தான் கோத்தகிரியில் வீடு எடுத்தேன். வீடு என்றால், பழைய பங்களா ஒன்றின் அவுட்ஹவுஸ். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் ஒரு செர்ரி மரம். பங்களாக்காரர் சென்னையில் இருக்கிறார். பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது.

என் கைடு ஒருமுறை என் பேட்டிகளைப் படித்துவிட்டு, "இதுல பாதி வரி உன்னுடையதா இருக்கேம்மா" என்றார். பேட்டி என்பது உரையாடல் சார் என்று அவரோடு முக்கால் மணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். ஒத்துக்கொண்டார் என்றுதான் அர்த்தம்.

நான் வந்தது ஏப்ரலில். மரத்தில் பூ முடிந்திருந்தது. மே பிறந்ததும் பார்த்தால் கிளை கிளையாகக் காய்கள். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு கறுத்த சிவப்பு. ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன் அம்மா. புளிப்பு முதலில் வந்தது, இனிப்பு அப்புறம். அதுவரை நான் செர்ரி என்று தின்றதெல்லாம் என்ன தெரியுமா? கேக் மேலே, பன்னுக்குள்ளே வைக்கிறார்களே, அது களாக்காய்! சாயம் போட்டுச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். இருபத்தைந்து வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். நேரே கடைத்தெரு பேக்கரிக்குப் போய், "செர்ரி பன்னுன்னு எழுதியிருக்கீங்களே, இதுல செர்ரி எங்கே?" என்று கேட்டேன். முதலாளி விழிக்கிறார். உள்ளே பப்ஸுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூக்கு நுனி வரைக்கும் மாவு. "நான் பத்து வருஷமா இதைத்தான் சொல்றேன் கண்ணு, என் பேச்சை யாரு கேக்கறாங்க?" என்றார்.

அவர்தான் பூரணம் அக்கா. பரிபூரணம் என்பது முழுப்பெயர்.

மறுநாள் கூடையோடு என் வாசலில் நின்றார். அவர் வீட்டுக்காரர் அந்தப் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவராம். மரம் அவர் நட்டது. அவர் இறந்த பிறகும் பங்களாக்காரர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்: காயில் பாதி குடியிருப்பவர்களுக்கு, பாதி அக்காவுக்கு. அக்கா அதை ஜாம் காய்ச்சி பேக்கரியில் வைப்பார். "செர்ரி ஜாம் இருக்கா?" என்று கேட்டே வருகிறவர்கள் உண்டு. அன்று இரண்டு பேரும் சேர்ந்து பறித்தோம். மேல்கிளைக்கு எட்டாமல் நான் என் படிப்பு நாற்காலியைக் கொண்டுவந்து போட, அக்கா அதன் மேல் ஏறி நின்று, "ஆராய்ச்சி நாற்காலி கால் ஆடுதே கண்ணு, உன் ஆராய்ச்சியும் இப்படித்தானா?" என்றார்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு தரமாவது வேலை முடிந்து வருவார். பஸ் வரும்வரை உட்காருவார். நான் பேசுவேன். அவர் கேட்டுக்கொண்டு ஏதாவது செய்வார்: அவரைக்காய் உரிப்பார், என் துணியில் பட்டன் தைப்பார். எங்களுக்குள் ஒரே தகராறு, பாத்திரத் தகராறு. நான் ஒரு டப்பாவில் ரசம் கொடுத்தனுப்பினால் அந்த டப்பா வெறுமையாகத் திரும்பாது. இரண்டு பேரிக்காய், ஒரு பிடி பீன்ஸ், ஒன்றுமில்லாவிட்டால் நாலு கல் உப்பு. நான் மட்டும் அவருடைய ஜாம் பாட்டிலை நன்றாகக் கழுவித் துடைத்து வெறுமையாகத்தான் கொடுப்பேன். "கழுவிக் கொடுக்கறது சுத்தம்க்கா. அதுக்குள்ள நாலு மிளகாயைப் போடறது வெறும் சடங்கு" என்பேன். "சரி கண்ணு" என்று பையில் போட்டுக்கொள்வார்.

நல்ல வருஷம் அது. அப்போது தெரியவில்லை.

மறு வருஷம் மாசியில் மரம் பூத்தது. இலையே இல்லாத மரத்தில் கொத்துக் கொத்தாக ரோஸ் நிறம். ஜன்னலைத் திறந்தால் அறைக்குள் ஒரு வெளிச்சம். எனக்கு அந்த வாரம் நேரம் சரியில்லை. என் அம்மா போனில் மூன்று மாப்பிள்ளைப் படம் அனுப்பியிருந்தாள். மூன்றுக்கும் கீழே ஒரே வரி: "எத்தனை நாள் இப்படி ஒண்டியா இருப்ப?" போனை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டிருந்தேன்.

அன்று காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தால், மரத்தின் கவையில் ஒரு வாளி தொங்குகிறது. கயிறு கட்டி, தண்ணீர் ஊற்றி, அதில் நாலைந்து கிளை, எல்லாம் வெள்ளைப்பூ. கீழே அக்கா நின்று வாளி நேராக நிற்கிறதா என்று பார்க்கிறார். நான் என்ன நினைப்பேன், சொல்லுங்கள்? அரசமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் தாலி கட்டுகிற ஊர் நம் ஊர். மஞ்சள் கயிறு, எலுமிச்சம்பழம், தொட்டில், எதைத்தான் நாம் மரத்தில் கட்டாமல் விட்டோம்? "என்னக்கா இது, நேர்த்திக்கடனா?" என்று கேட்டேன். அக்கா சிரித்து, "இதுக்குத் துணை வேணும் கண்ணு. ஒத்தை மரம் காய்க்காது" என்றார்.

ஒத்தை மரம் காய்க்காது!

அரிசி டின்னுக்குள் போட்டு மூடிய குரல் மரத்தடியிலிருந்து வந்தால் எப்படி இருக்கும்? பிடித்துக்கொண்டேன். மூடநம்பிக்கை எங்கே தொடங்குகிறது, அது கடைசியில் எப்படிப் பெண்ணின் தலையில் வந்து விடிகிறது, தனியாக இருப்பவளைப் பட்டமரம் என்று சொல்ல இந்தச் சமூகத்துக்கு எவ்வளவு ஆசை, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். நன்றாகப் பேசினேன் அம்மா. கல்லூரி மேடையில் அப்படிப் பேசியிருந்தால் கோப்பை கொடுத்திருப்பார்கள். பேசிக்கொண்டே நாற்காலி போட்டு ஏறி வாளியை இறக்கினேன். கொட்டவில்லை. இறக்கி வைத்தேன், அது சாய்ந்துவிட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அக்கா கிளைகளைப் பொறுக்கினார். வாளியை எடுத்துக்கொண்டார். "வேலைக்கு நேரமாச்சு" என்று போனார்.

வருவார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வருவார், அதற்கடுத்த வாரம் வருவார். பேக்கரிக்கு நானாகப் போயிருக்கலாம்தான். ஆனால் தவறு செய்தவர் அவர். முதலில் வர வேண்டியவரும் அவர். அப்படித்தான் நினைத்தேன்.

அந்த மாதங்களை என்ன சொல்வது? பேட்டிக்குப் போகாத நாட்களில் நான் யாரோடும் பேசவில்லை என்பதே எனக்குத் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் பால் வாங்கும்போது "அரை லிட்டர்" என்றால் குரல் வரவில்லை. தொண்டையைச் செருமி மறுபடி சொன்னேன். அப்போதுதான் கணக்குப் போட்டேன், மூன்றாவது நாள். மூடுபனி வந்துவிட்டால் ஜன்னலுக்கு வெளியே மரம்கூட இருக்காது.

மே வந்தது. காயே இல்லை. ஒன்றுகூட இல்லை. பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது, காம்பு மஞ்சளாகி அதுவும் உதிர்ந்தது. எனக்கு என்ன தோன்றியது என்று உங்களிடம் சொல்வதற்கென்ன, அக்கா வேரில் எதையோ ஊற்றிவிட்டார் என்று தோன்றியது. கோபத்தில் மனிதர்கள் செய்யாததா? பங்களாக்காரருக்கு எழுத உட்கார்ந்தேன். ஆதாரம் வேண்டும் அல்லவா? ஆதாரம் இருந்தது. சண்டை நடந்த அன்று ஒரு பேட்டிக்குக் கிளம்பி, ரெக்கார்டரை ஓடவிட்டுச் சரிபார்த்துப் பையில் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறந்திருந்தேன். அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

போட்டுக் கேட்டேன். பதினோரு நிமிஷம். அதில் அக்காவின் குரல் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? என் வழக்கப்படி ஒவ்வொரு சொல்லையும் எழுதினேன். என்னுடையது நாலு பக்கம் வந்தது. அவருடையது இவ்வளவுதான்:

"இது சாமி காரியம் இல்ல கண்ணு..."

"இந்த மரம் அதோட சொந்தப் பூவுல காய் புடிக்காது..."

"வேற மரத்துப் பூ வேணும், தேனீ அதுலயும் ஒக்காந்து இதுலயும்..."

"எங்க வீட்டுக்காரரு வருஷா வருஷம் இப்படித்தான் வாளியில..."

ஒவ்வொன்றும் பாதியில் நிற்கிறது. நிறுத்தியது என் குரல். அப்புறம் வாளி படியில் உருண்டுபோகிற சத்தம். சாய்ந்த வாளி அவ்வளவு தூரம் உருளுமா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நாலு பாதி வாக்கியங்களையும் ஒட்டவைத்துப் படித்தேன். புத்தகத்தில் தேடினேன். அப்படியே இருந்தது. செர்ரியில் பல ரகம் அப்படித்தானாம். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பக்கத்தில் வேறு ரகம் பூக்க வேண்டும், இல்லையென்றால் பூத்த கிளையை வெட்டி வந்து தண்ணீரில் வைக்க வேண்டும். தோட்டக்காரர்கள் செய்கிற வேலை. வேண்டுதலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பேக்கரிக்கு ஓடினேன். மாவு மேசையில் வேறு பெண். "ஜாம் இல்லாமப் போச்சு. அப்புறம் அக்காவை வெச்சு என்ன பண்றது? தேயிலை பறிக்கப் போயிட்டாங்க" என்றார் முதலாளி. அப்பட்டமான சுரண்டல் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு ஏன் ஒன்பது மாதம் என்று கேட்கிறீர்களா? மன்னிப்புக் கேட்பதென்றால் சும்மாவா? அந்தச் சூழ்நிலையில் எவரும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பதை முதலில் நிறுவ வேண்டும், அப்புறம் கேட்க வேண்டும். எழுதினேன், அடித்தேன், திருப்பி எழுதினேன். இந்த மாசியில் மரம் மறுபடி பூத்துவிட்டது. பூ பதினைந்து நாள்தான் நிற்கும். அதுதான் இன்று கிளம்பி வந்தேன், அக்கா ஊருக்கு, நெடுமட்டத்துக்கு. கையில் ஒரு பாக்கெட் வர்க்கி பிஸ்கட்.

அக்கா வீட்டு முன்னால் இந்த வெள்ளை மரம். இதையும் அவர் வீட்டுக்காரர்தான் நட்டாராம். அப்போது பங்களாவில் இருந்த அம்மாவுக்கு இரண்டு கன்று வாங்கி வந்தாராம். ரோஸை நடச் சொல்லி, வெள்ளை சாவுவீட்டுப் பூ மாதிரி இருக்கிறது, தூக்கிப் போடு என்றாராம் அந்த அம்மா. தூக்கிப் போட மனசில்லாமல் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். இன்று அக்கா சொல்லித்தான் தெரியும். அந்த ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்ல விட்டேன்.

என்னைப் பார்த்ததும் அக்கா முகத்தில் கோபம் இல்லை அம்மா. அதுதான் கஷ்டமாக இருந்தது. என் கையைப் பார்த்தார், தோள் பையைப் பார்த்தார். "வேற ஒண்ணும் கொண்டுவரலையா கண்ணு?" என்றார். வர்க்கி பாக்கெட்டை நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டார். நான் எழுதி வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன். அவர் நல்ல கிளையாகப் பார்த்து வெட்டினார், நான் சொன்னேன். வாளியில் தண்ணீர் பிடித்தார், நான் சொன்னேன். அலமாரியில் ஜாம் பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்து வரிசையாக இருந்தன. ஒன்றில்கூட ஜாம் இல்லை. "பேக்கரியை விட்டுட்டீங்களாமே அக்கா, நல்லதாப் போச்சு, அந்தாள் உங்களைச் சுரண்டினான்" என்றேன். "ம்" என்றார். மன்னிப்புக் கேட்கும் இடத்துக்கு நான் வரும்போது பஸ் ஹார்ன் கேட்டுவிட்டது. வாளியை என் கையில் கொடுத்து, "ஏறு, வண்டி நிக்காது" என்றார். அவ்வளவுதான். கொடுத்தாரா, அனுப்பிவைத்தாரா, அதுதான் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

என்ன? நீங்களும் நெடுமட்டம்தானா? ஏறும்போதே சொல்லியிருக்கலாமே!

சொல்ல வந்தீர்கள். ஆமாம், வந்தீர்கள். சரி, இப்போது சொல்லுங்கள். இல்லை, குறுக்கே பேச மாட்டேன்.

...

போகும்போது வெள்ளை, வரும்போது ரோஸா?

திரும்பி வருகையிலும் இந்த வாளி நிறைந்துதான் வருமா? வருஷா வருஷமா? நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

ரோஸ் என்றால் என் மரம். என் வாசலில் வெட்டி, சாயங்கால பஸ்ஸில் எடுத்துப் போய், அங்கே கட்டியிருக்கிறார். இந்த வெள்ளைக்கும் ஒற்றையாய் நின்றால் காய்க்காது. எனக்கு ஏன் தோன்றவில்லை? புத்தகத்தில் படித்தேனே, இரண்டுக்கும் இரண்டும் வேண்டும் என்றுதானே இருந்தது.

போன வருஷம் அந்த வாளி வெறுமையாக இந்தப் பஸ்ஸில் வந்திருக்கிறது. நீங்கள் பார்த்தீர்களா? வேண்டாம், சொல்லாதீர்கள்.

அப்படியென்றால் இரண்டு மரமும் காய்க்கவில்லை. ஜாம் இல்லை. பேக்கரி இல்லை. அதைத்தான் அவர் முகத்துக்கு நேரே, நல்லதாப் போச்சு என்றேன். கவிழ்த்து வைத்த பாட்டிலையெல்லாம் பார்த்துக்கொண்டே சொன்னேன். வேறு ஒன்றும் கொண்டுவரவில்லையா என்று கேட்டாரே அம்மா, என் கையைப் பார்த்துக் கேட்டாரே. தனக்கு ஒரு ரோஸ் கிளைகூட வரவில்லை என்று தெரிந்த பிறகும்தானே அரிவாளை எடுத்தார்.

கண்டக்டர் அண்ணே, இந்த வண்டி திரும்பி நெடுமட்டத்துக்கு எத்தனை மணிக்கு? ஐந்தேகாலா? இப்போது மணி மூன்றரை. ஸ்டாண்டிலிருந்து என் வீடு இருபது நிமிஷ ஏற்றம். வெள்ளையை என் பக்கெட்டில் மாற்றித் தொங்கவிட்டுவிட்டு, இந்த வாளியை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கினால் பிடித்துவிடலாம். நாற்காலி இருக்கிறது. கால் ஆடும், பரவாயில்லை.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது அல்லவா?

நீங்களும் அதே வண்டிதானா? அப்படியானால் இந்தப் பக்கமே உட்காரலாம், ரோஸைக் காட்டுகிறேன். நீங்கள் பேசிக்கொண்டு வாருங்கள். உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை பாருங்கள்.

அங்கே போய் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாமல் வாளியை மட்டும் கொடுத்துவிட்டு நின்றால் போதுமா? அக்கா முதலில் பேசும்வரை?

சிரிக்காதீர்கள் அம்மா. முயன்று பார்க்கிறேன் என்றுதானே சொல்கிறேன்.